பாதி விலை

ஹமமாட்சு, ஜப்பான்
20 நவம்பர் 2022

மாமா,

அன்றைக்குப் போனை நீங்கள் வைத்தீர்களா, நான் வைத்தேனா என்று இன்னும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதினால் நடுவில் நீங்கள் கத்த முடியாது, நானும் அழ முடியாது.

அந்த வீடியோவில் ட்ரம் அடிப்பது நான்தான். உங்கள் கம்பெனி மூர்த்தி அண்ணன் உங்களிடம் காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லியிருக்க வேண்டும். "கம்பெனில வேல பாக்கத்தான அனுப்புனேன், மோளம் அடிக்கவா?" என்று கேட்டீர்களே, நடந்தது இதுதான்.

எங்கள் லைனில் எனக்கு எதிரே மிகி என்று ஒருத்தி. கியர்களைச் சோதித்துத் தட்டில் அடுக்குவதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. ஒரு நாள் டீ இடைவேளையில் நான் காலித் தட்டில் விரலால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. கெலமங்கலம் பள்ளியில் சுதந்திர தின அணிவகுப்புக்கு வருஷா வருஷம் சின்ன ட்ரம் அடித்த கை. மிகி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய்?" என்றாள்.

மிகி பேஸ் கிட்டார் வாசிப்பாள். ஹோஷினோ என்பவர் பாட்டு எழுதி, கிட்டார் வாசித்துப் பாடுவார். நாற்பது வயதை நெருங்குகிறார், பார்சல் வண்டி ஓட்டுகிறார். இவர்களோடு ட்ரம் அடித்தவர் கல்யாணம் செய்துகொண்டு ஒசாகாவுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது நான். பேண்டின் பெயர் ஹங்காக்கு. பாதி விலை என்று அர்த்தம். இங்கே கடைகளில் சாயங்காலம் விற்காமல் மிஞ்சிய சாப்பாட்டு டப்பாக்களில் அந்த ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். நாங்கள் மூவரும் அதைத்தான் வாங்கிச் சாப்பிடுகிறோம்.

பேர் வாங்கிய பேண்ட் இல்லை. வேலைக்கு ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அங்கே உட்கார்ந்து அடிக்கும்போது மட்டும்தான் தோள் வலி மறந்துபோகிறது.

கோபம் தீர்ந்தால் எழுதுங்கள். தீராவிட்டாலும் எழுதுங்கள்.

ஜோதி


மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
18 டிசம்பர் 2022

ஜோதி,

உன் கடிதம் கீழ் வீட்டு அம்மா கையில் இரண்டு நாள் இருந்துவிட்டு என்னிடம் வந்தது. ஜப்பான் ஸ்டாம்பு வேண்டுமாம், கிழித்துக் கொடுத்துவிட்டேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது லீவு லெட்டர்தான்.

ட்ரம் அடித்ததற்காக நான் கத்தவில்லை. கேன்டீனில் மூர்த்தி போனை நீட்டி, "இது உன் வூட்டுக்காரிதான? இன்னாமா அடிக்குது பாரு" என்றான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு ட்ரம் அடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அதுதான் கோபம்.

அம்மாவிடமும் காட்டினேன். முதலில் தெலுங்கில் திட்டினார். அவருக்குத் திட்டும்போதுதான் தெலுங்கு வரும் என்பது உனக்குத் தெரியுமே. பிறகு, "தாளம் தப்பாம அடிக்குதாடா?" என்று கேட்டார். "தப்பலம்மா" என்றேன். "அப்ப சரி, உடு" என்றார்.

தகடு அடிக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் புதிதாக மெஷின்கள் வந்திருக்கின்றன. ஆட்கள் மட்டும் பழைய ஆட்களேதான். வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பில்லை.

கம்பெனி பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். உன் ட்ரம் நன்றாகக் கேட்டது. பாடுகிறவர் இப்போதுதான் தூங்கி எழுந்தவர்போல இருக்கிறார். என்ன பாடுகிறார்?

போன் வேண்டாம். இப்படியே எழுது.

கோபி


ஹமமாட்சு
5 மார்ச் 2023

மாமா,

ஒருவன் கடையில் நிற்கிறான். ஸ்டிக்கர் ஒட்டும் ஆள் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டே, வேண்டாத சாமானை எல்லாம் எடுத்து எடுத்து வைக்கிறான். பக்கத்தில் இன்னொருத்தியும் அதேபோல நிற்கிறாள். இருவருக்கும் மற்றவர் எதற்காக நிற்கிறார் என்று தெரியும், ஆனால் பேசிக்கொள்வதில்லை. அவ்வளவுதான் பாட்டு. ஹோஷினோ தூங்கி எழுந்தவர்போலப் பாடவில்லை, தூக்கமே இல்லாதவர் அவர்.

போன மாதம் அவருடைய பழைய வேனில் நகோயாவுக்கும் ஒசாகாவுக்கும் போய் வாசித்தோம். இங்கே இப்படி வாசிக்கிற சின்னக் கூடங்களை லைவ் ஹவுஸ் என்கிறார்கள். ஆட்களை நாம்தான் கூட்டி வர வேண்டும், வராவிட்டால் நஷ்டம் நம் தலையில். ஒசாகாவில் எதிரே நின்றவர்களில் பாதிப்பேர் எங்களுக்குப் பின்னால் வாசிக்க வேண்டிய பேண்டின் ஆட்கள். வாசித்து முடித்ததும் அவர்களுக்காக நாங்கள் போய் நின்றோம். இப்படி மாறி மாறிக் கைதட்டிக்கொள்கிறோம். ஹோஷினோ பதினைந்து வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறார். "சலிப்பா இல்லையா?" என்று கேட்டேன். "சலிப்பாகத்தான் இருக்கிறது, அதைத்தானே பாடுகிறேன்" என்றார்.

திங்கள் காலை லைனில் உட்கார்ந்தால் கியரும் தட்டும் ஒன்றாகத் தெரிகிறது. ஆனாலும் ஞாயிறு வந்தால் போகிறேன்.

மே மாதம் இங்கே தொடர் விடுமுறை உண்டு. வந்துவிடுவேன்.

ஜோதி


ஓசூர்
2 ஜூலை 2023

ஜோதி,

நீ வருவாய் என்று மே மாதம் லீவு போட்டேன். அம்மா கேழ்வரகு திரித்து வைத்திருந்தார். நீ வரவில்லை. விடுமுறையில் ஊர் ஊராக வாசிக்கப் போகிறோம் என்று நாலு வரி மெசேஜ் வந்தது. லீவை ரத்து செய்ய வெட்கப்பட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ராஜலட்சுமி வந்து, "அண்ணி வரலையா?" என்றாள். தங்கச்சி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "டிக்கெட் கெடக்கல" என்றேன்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளியைப் பார்க்கவே கூட்டம் நிற்கிறது, அப்படி ஒரு விலை.

கோபி


ஹமமாட்சு
28 ஆகஸ்ட் 2023

மாமா,

மே மாதத்துக்கு நான் என்ன சொன்னாலும் சாக்காகத்தான் இருக்கும். அந்த ஊர்களில் ஒன்றில்தான் டோக்கியோவிலிருந்து வந்த ஓர் ஆள் எங்களைக் கேட்டார். சின்னப் பாட்டுக் கம்பெனி நடத்துகிறார். எங்கள் ஆல்பத்தை வெளியிடுகிறார். செய்தியைச் சொன்னதும் ஹோஷினோ பார்சல் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தாராம்.

அதைச் சொல்லத்தான், போன் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதையும் மீறி, போன வாரம் போன் செய்தேன். "மாமா, எங்க ஆல்பம் வருது" என்றேன். "ஆளு வருதா? யாரு வர்றாங்க?" என்று கத்தினீர்கள். மறுபடி சொன்னேன். "வந்தா வரட்டும், எனக்கு இன்னா" என்று வைத்துவிட்டீர்கள். கிண்டலா அது? பக்கத்திலிருந்த மிகிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சத்தம் கேட்டிருக்கிறது. "உன் கணவர் ஏன் எப்போதும் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசுகிறார்?" என்று கேட்டாள்.

என்னைப் பிடிக்கவில்லை என்றால் எழுதிவிடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். இப்படிக் கத்தாதீர்கள்.

ஜோதி


ஓசூர்
8 அக்டோபர் 2023

ஜோதி,

கிண்டல் இல்லை. எனக்குக் காது கேட்பதில்லை.

முழுதாக இல்லை, பாதி. கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை காது டெஸ்ட் எடுப்பார்கள். இதற்கு முன்னால் ஒலி கேட்கிறதோ இல்லையோ, குத்துமதிப்பாகக் கையைத் தூக்கிச் சமாளித்தேன். இந்தத் தடவை புதிதாக வந்த நர்ஸ் அம்மா கண்டுபிடித்துவிட்டார். காதில் அடைப்பான் போட்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது என்று நான் ஒழுங்காகப் போட்டதில்லை. இப்போது போடாமலே கேட்கவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டாக்டரிடம் போனேன். மெல்லிய குரல்கள்தான் முதலில் போகுமாம். மூர்த்தி பேசினால் பாதி பிடித்துக்கொள்வேன். ராஜலட்சுமி எதிரே நின்றால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனில் உன் குரல் வெறும் கீச்சு. நீ அழுகிறாயா, சிரிக்கிறாயா என்றுகூடத் தெரிவதில்லை. நான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்பதும் எனக்குத் தெரிவதில்லை. அன்றைக்கு ஆல்பம் என்றதும் யாரோ ஆள் வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாட்டிலும் ட்ரம் மட்டும்தான் கேட்டது. பாடுகிறவரைப் பற்றி மூர்த்தி சொன்னதை எழுதினேன்.

பிரஸ் ஷாப்பிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். போல்ட் எடுத்துக் கொடுக்கிற வேலை. வேலை சுலபம்தான், உடம்புதான் ஏனோ முன்னைவிட அசந்துபோகிறது. ஒவ்வொருவர் பேச்சையும் முகத்தைப் பார்த்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இதற்காக ஓடி வராதே. வந்தால், இதற்காகத்தான் வந்தாய் என்று நான் எப்போதும் நினைத்துக்கொண்டே இருப்பேன்.

ஆல்பம் வருவதில் சந்தோஷம்.

கோபி


ஹமமாட்சு
11 பிப்ரவரி 2024

மாமா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் வேலை இல்லை, கோபம். என்னை வெறுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே நான் எத்தனை பாட்டுக்கு அடித்திருக்கிறேன் தெரியுமா? ஹோஷினோ ஒரு தடவை, "ஜோதி, ட்ரம் உனக்கு என்ன செய்தது?" என்றே கேட்டார்.

காது மெஷின் வாங்கிப் போடுங்கள். "அசிங்கமா இருக்கும்" என்று சொல்லக் கூடாது. மூக்குக் கண்ணாடி போடுவதில்லையா? நானும் இப்போது காதில் அடைப்பான் இல்லாமல் வாசிப்பதில்லை.

ஆல்பம் வந்துவிட்டது. ஒரு ரேடியோவில் போட்டார்கள், ஒரு பத்திரிகையில் நல்லபடியாக எழுதினார்கள். கடையில் எங்கள் படத்தைப் பார்த்து மிகி உட்கார்ந்து அழுதாள். டோக்கியோவில் வாசித்தபோது எங்களுக்காகவே வந்தவர்கள் இருந்தார்கள். பாட்டின் வரிகள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

அதற்குப் பிறகுதான் தொந்தரவு. அடுத்த வீடியோவில் நான் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, பொட்டிட்டு அடிக்க வேண்டுமாம். பாட்டுக் கம்பெனி ஆள் தாழ்மையாகத்தான் கேட்டார். "இந்தியப் பெண் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும்" என்றார். சேலை கட்டி ட்ரம் ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன், ஜப்பானிய மொழியில் அவ்வளவு வேகமாக வராது. ஹோஷினோதான் சொன்னார்: "அவள் எங்கள் ட்ரம்மர். அலங்காரம் இல்லை." அந்த ஆள் தலையாட்டிவிட்டுப் போனார். அதிலிருந்து அவர் போன் வருவது குறைந்துவிட்டது.

என்னால் கெட்டதோ என்று இருக்கிறது.

ஜோதி


ஓசூர்
24 மார்ச் 2024

ஜோதி,

உன்னால் ஒன்றும் கெடவில்லை. சேலை கட்ட உனக்கு ஆசை இருந்தால் கட்டு. யாரோ வேடிக்கை காட்டக் கேட்கிறார்கள் என்று கட்டாதே. அந்த ஹோஷினோ நல்ல மனுஷன். அவரைப் பற்றி ஆரம்பத்தில் நான் நினைத்ததெல்லாம் இங்கே எழுத வேண்டாம்.

காது மெஷின் போட்டுக்கொண்டேன். முதல் நாள் தட்டு வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம், எல்லாம் மண்டைக்குள் இறங்கியது. அம்மா என் எதிரில் என்னைப் பற்றி ராஜலட்சுமியிடம் குறை சொல்வது தெளிவாகக் கேட்கிறது. இவ்வளவு நாள் எவ்வளவு சொல்லியிருப்பார்! போன் மட்டும் இன்னும் சரிவரவில்லை, கூவுகிறது.

கோபி


ஹமமாட்சு
10 நவம்பர் 2024

மாமா,

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் பதினான்காம் தேதி சனிக்கிழமை பெங்களூரில் வாசிக்கிறோம். ஒரு திறந்தவெளி இசை விழா, பகல் மூன்று மணிக்கு எங்கள் முறை. பாட்டுக் கம்பெனி எங்களுக்காகச் செய்கிற கடைசிக் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளி வந்து இறங்கி ஞாயிறு காலை திரும்புகிறோம். சனி முழுக்க அங்கேயே இருக்க வேண்டும், வேறெங்கும் அனுப்ப மாட்டார்கள். இவ்வளவு கிட்டே வந்தும் ஓசூருக்கு வராமல் போகிறேன் என்று எழுதவே கை வரவில்லை.

எல்லோரும் களைத்துப்போயிருக்கிறோம். அடுத்து வந்த இரண்டாவது ஆல்பத்தை யாரும் வாங்கவில்லை. மிகியின் அம்மாவுக்கு ஞாபகம் தப்புகிறது. ஹோஷினோ வண்டியில் பார்சலைத் தூக்கியே முதுகு போய், நின்று பாடவே சிரமப்படுகிறார்.

வருவீர்களா? வர முடியாவிட்டால் புரிந்துகொள்வேன்.

ஜோதி


ஓசூர்
22 டிசம்பர் 2024

ஜோதி,

காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும். ஸ்டோர்ஸில் கணக்கெடுப்பு, அரை நாள்தான் விட்டார்கள். அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ் நின்றது. பொம்மசந்திராவில் மறுபடி. கண்டக்டரிடம் கன்னடத்தில் சண்டை போட்டேன், பாவம், அவர் என்ன செய்வார். நான் உள்ளே நுழைந்தபோது நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். மிச்சம் இரண்டு பாட்டு என்று பிறகு தெரிந்தது.

கூட்டம் ஓரங்களில்தான் நின்றது. முன்னால் இடம் காலியாக இருந்தது, நேராகப் போய் பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றேன். காது மெஷின் கூவியதால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஹோஷினோவின் வாய் அசைந்தது. மிகியின் விரல்கள் அசைந்தன. எனக்குக் கேட்டது நீ மட்டும்தான்.

உன் முகத்தைப் பார்த்தேன். காஸ் சிலிண்டரை நீ ஒருத்தியே உள்ளே தூக்கி வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாயே, அதே முகம். இத்தனை வருஷம் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, கோபமாக இருக்கிறாய் என்று நினைத்து நான் வெளியே போய்விடுவேன். கோபம் இல்லை அது என்று அன்றைக்குத் தெரிந்தது.

நடுவில் நீ என்னைப் பார்த்துவிட்டாய். ஓர் அடி தப்பியது. ஹோஷினோ திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது.

மேடைக்குப் பின்னால் பேச வேண்டியதை எல்லாம் வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். ஹோஷினோ பெட்டிமேல் உட்கார்ந்தவாறே தூங்கிக்கொண்டிருந்தார். மிகி அவரை எழுப்பினாள், எழுந்து எனக்கு முதுகு வளைத்து வணக்கம் வைத்தார், வலியில் நிமிர முடியவில்லை. நான்தான் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். நீ என் இடது காதுக்குக் கிட்டே வந்து, "சாப்டீங்களா மாமா?" என்றாய். கேட்டது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு உன் குரல். "ம்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

உன்னை அப்போதே கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடலாமா என்று இருந்தது. மறுபடி வாத்தியங்களை எல்லாம் கட்டி ஏற்ற வேண்டும் என்று அவர்கள் இருவரும் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதனால்தான் கிளம்பிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனேன் என்று நினைக்காதே.

கோபி


ஹமமாட்சு
9 மார்ச் 2025

மாமா,

ஹங்காக்கு முடிந்துவிட்டது.

சண்டை ஏதும் இல்லை. கம்பெனி அடுத்த ஆல்பம் இல்லை என்று சொல்லிவிட்டது. மிகி அம்மாவைப் பார்த்துக்கொள்ள வடக்கே ஊருக்குப் போகிறாள். நகோயாவிலிருந்து திரும்பும்போது ரோட்டோரக் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஹோஷினோ கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "நிறுத்திவிடலாமா?" என்றார். வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தோம். யாரும் சொல்லவில்லை. நூடுல்ஸ் ஆறிப்போவதற்குள் சாப்பிட்டு முடித்தோம்.

போன சனிக்கிழமை, நான் முதன்முதலில் வாசித்த அதே கூடத்தில் கடைசியாக வாசித்தோம். வந்தவர்களில் பழைய ட்ரம்மரும் இருந்தார், கைக்குழந்தையோடு. கூட்டம் நிறைந்துவிட்டது. முன்னாலேயே இப்படி வந்திருக்கலாமே என்று மிகி மைக்கில் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததுபோல இருந்தது. இனி ஹோஷினோ பாடப் போவதில்லையாம். வீட்டில் வாசிப்பேன், அதை யாரும் தடுக்க முடியாது என்றார்.

இனி என் விஷயம். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க விருப்பமா என்று ஆபீசில் கேட்கிறார்கள். டோக்கியோவில் ஒரு பேண்ட் ட்ரம்முக்கு ஆள் தேடுவதாகவும் கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வர எனக்கு ஆசை. உங்கள் காதுக்காக இல்லை, உங்களோடு சண்டை போடாமல் ஒரு வருஷம் இருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. ஆனால் ட்ரம்மை விட்டுவிட்டு வருகிறவளாக வர மாட்டேன். யாரோடு வாசிப்பேன், யார் கேட்பார்கள், எதுவும் தெரியாது. அங்கே மூக்கண்டப்பள்ளி வீட்டில் கிரைண்டர் போட்டாலே கீழ் வீட்டு அம்மா மேலே வந்துவிடுவார்.

முடியுமா, முடியாதா என்று நேராக எழுதுங்கள். எனக்காக நல்ல வார்த்தை எழுத வேண்டாம். முடியாதென்றால் இங்கே கையெழுத்துப் போட்டுவிடுவேன். கோபித்துக்கொள்ள மாட்டேன். அதற்கும் தெம்பில்லை.

ஜோதி


ஓசூர்
6 ஏப்ரல் 2025

ஜோதி,

பதில் தாமதம், வீடு தேடிக்கொண்டிருந்தேன்.

மூர்த்தி கூட வந்தான். பாகலூர் ரோட்டில் பார்த்தோம், எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்காரர் நான் ட்ரம் என்றதும் கேட்டையே சாத்திவிட்டார். கடைசியில் ராயக்கோட்டை ரோட்டில், டெம்போக்களுக்குத் தகரம் அடிக்கிற பட்டறைக்கு மேலே ஒரு மாடி. வீட்டுக்காரர் பெயர் கௌஸ் மொய்தீன். அங்கே மாடிப்படி ரொம்பச் செங்குத்து, இனி அம்மாவால் ஏற முடியாது, அதனால் அவர் ராஜலட்சுமியோடு இருக்கிறேன் என்றார். "ஜோதிய மொதல்ல வரச் சொல்லு" என்றும் சொன்னார்.

முடியுமா என்று கேட்டாயே. நாம் சண்டை போடாமல் இருப்போமா என்று எனக்குத் தெரியாது. நான் சாயங்காலம் அலுத்து வருவேன், நீயும் எங்காவது லைனில் சேர்ந்து அலுத்து வருவாய். நீ வாசிப்பதைக் கேட்க ஓசூரில் ஆள் கிடைப்பார்களா என்பதும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கௌஸ் மொய்தீன் பாய் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு யாரு இருப்பீங்க?" என்றார்.

"நானும் என் வூட்டுக்காரியும். அவ ட்ரம் அடிப்பா பாய். மொதல்லயே சொல்லிடறேன்."

"ட்ரம்முன்னா? கல்யாணத்துக்கு அடிக்கிறதா?"

"இல்ல, ஜப்பான்ல பேண்டுல அடிச்சிக்கினு இருந்தா."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூர்த்தி போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினான். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதும் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே சுத்தியல் போட ஆரம்பித்தார்கள். எனக்கே காது அதிர்ந்தது. அவர் என் காது மெஷினைக் கவனித்திருக்க வேண்டும், கிட்டே வந்து சத்தமாகச் சொன்னார்:

"காலையிலிருந்து கீழ இப்படித்தான் தகரம் அடிக்கிறானுங்க. இதுக்கு மேல ஒரு பொம்பள அடிச்சி இன்னா சத்தம் வந்துடப் போவுது?"

"வரும் பாய்" என்றேன்.

வா.

கோபி